இடது பக்கத்துக் குதிரை

ஊரில் ஒருவனுக்குப் பிட்டத்தில் ரவை பாய்ந்தால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம்தான் ஆள் பிழைப்பானா என்று கேட்பார்கள். அம்பாக்ரோம் மக்கள் இந்த இரண்டையும் முடித்துவிட்டு, யாரைப் பிடித்து உள்ளே போடுவது என்ற மூன்றாவது கட்டத்துக்கு வந்திருந்தார்கள். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஊரில் இடது கைக்காரன் ஒரே ஒருவன்தான் இருந்தான்.

தவியா இரண்டு ஷ்னாப்ஸ் சாராயப் புட்டிகளை வலது கையால் மார்போடு அணைத்தபடி போலீஸ் சாவடி வாசலில் வியர்த்து வழிந்தான். மூன்று வருடமாக அவன் துப்பறியும் அஃபியா தச்சிவாவின் உதவியாள். அதற்கு முன் டாக்சி ஓட்டினான். டாக்சி ஒரு நாள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டதால் இந்தப் பிழைப்புக்கு வந்தான். தச்சிவா சுன்யானி நகரத்தில் இருபத்திரண்டு வருடம் போலீஸ் சார்ஜெண்டாக இருந்தவர். மேலதிகாரிகளுக்கு முன்னாலேயே உண்மையைக் கண்டுபிடிக்கும் கெட்ட பழக்கத்தால் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

"மேடம், தலைவரைப் பாக்கப் போக ஒரு புட்டி போதாதா? எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு முன்னோர்களுக்கு. ஒண்ணு எனக்கு."

"நீங்கதான் குடிக்கவே மாட்டீங்களே!"

"குடிக்கறதுக்குன்னு நான் சொன்னேனா?"

உள்ளே கார்ப்பரல் அமிடு பயறுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, அதில் மீனைத் தேடிக்கொண்டிருந்தார். தவியா அடையாள அட்டையை நீட்டினான். கார்ப்பரலின் முகம் சுருங்கியது.

"இடது கையால குடுக்கற? எந்த ஊருய்யா நீ?"

"மன்னிச்சுக்குங்க சார். வலது கையில புட்டி."

"இந்த ஊர்ல பெரியவங்களை இடது கையால தொட்டாலே ஒரு ஆடு தண்டம். வடக்கே இருந்து வந்த எனக்கே அது தெரியும்."

"உங்களுக்கு ஆடு வேணுமா, மீனு வேணுமா சார்? ரெண்டுமே பொட்டலத்துல இல்ல போலிருக்கே."

தச்சிவா அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான். அது எவ்வளவு நேரத்துக்கு என்பது இருவருக்கும் தெரியும்.

"கேஸ் முடிஞ்சு போச்சு மேடம்," என்றார் கார்ப்பரல். "மூணு மணிக்கு லாரி வருது. ஆளை சுன்யானிக்கு ஏத்திவிட்டா என் வேலை தீந்துது."

நடந்தது இவ்வளவுதான். முந்தாநாள் விடியற்காலை மூன்று வேட்டைக்காரர்கள் காட்டுப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போனவன் தானோ. பின்னால் வந்தவர்கள் யாவ் ஜாபாவும், ஊரின் தலைமை வேட்டைக்காரர் ஓபெங்கும். ஒரு துப்பாக்கி வெடித்தது. தானோவின் இடது பிட்டத்தில் பதினோரு ரவை. அன்றிரவு இருவருமே வேட்டையில் சுட்டிருந்ததால் இரண்டு துப்பாக்கியிலும் புகை நாற்றம் இருந்தது. தானோவுக்கு அடுத்து நடந்தவர் மற்றவர்தான் என்று இருவரும் சத்தியம் செய்தார்கள்.

"ஆனா பாருங்க," கார்ப்பரல் விரலை நக்கிக்கொண்டார், "பாதைக்கு இடப்பக்கம் இருந்த வாழை மரத்துலயும் ரவை ஏறியிருக்கு. அப்ப துப்பாக்கி சுட்டவனோட இடது கக்கத்துல இருந்திருக்கு. வலது கைக்காரன் வலது கக்கத்துலதான் இடுக்குவான். ஊர்ல இடது கைக்காரன் யாரு? ஜாபா. போன மாசம் ஒரு மான் தொடைக்காக தானோவோட சண்டை போட்டது யாரு? ஜாபா. கொலை முயற்சி! கணக்கு சரியா வருதா?"

"இவ்வளவு சுலபமா வர்ற கணக்கைக் கண்டா நான் இன்னொரு தடவை கூட்டிப் பாப்பேன்," என்றார் தச்சிவா.

ஜாபா கம்பிக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, ஒல்லி உடம்பு. சன்னல் பக்கம் அவன் மனைவி செர்வா சாப்பாட்டுக் கிண்ணத்தோடு நின்றாள். சுன்யானிக்கு வந்து தச்சிவாவின் காலைப் பிடித்தவள் அவள்தான்.

"மேடம், லாரியில ஏத்திட்டா போச்சு," என்றாள். "எங்க பெரியம்மா மகன் கோழி திருடினான்னு உள்ள போனான். ஆறு வருஷமாச்சு, இன்னும் விசாரணையே வரலை. அந்தக் கோழியோட பேத்தி கூட செத்துப் போச்சு. இவரு போயிட்டா நானும் மூணு புள்ளைங்களும் என்ன ஆகறது?"



தச்சிவா மேசையில் கிடந்த ஜாபாவின் நாட்டுத் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் கார்ப்பரலைக் கேட்டார். "காலியா?"

"காலியாதான் இருக்கும்."

"'இருக்கும்'னு சொல்ற துப்பாக்கிதான் சுடும்." மருந்து இடிக்கும் கம்பியைக் குழலுக்குள் விட்டு, அடிவரை போகிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் கையில் எடுத்தார். எடுத்ததும் நின்றுவிட்டார். "தவியா, குதிரை எந்தப் பக்கம் இருக்கு?"

விசையை அழுத்தினால் விழுந்து, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடி மூடியான கேப்பை அடிக்கும் இரும்புக் குதிரை, எல்லாத் துப்பாக்கியிலும் வலது பக்கம் இருக்கும். இதில் இடது பக்கம் இருந்தது.

"கொல்லர்கிட்ட சொல்லி நானே செஞ்சு வாங்கினேன் மேடம்," என்றான் ஜாபா. "சந்தையில விக்கறது எல்லாம் வலது கைக்காரனுக்குச் செஞ்சது. அதை நான் இடது தோள்ல வெச்சுச் சுட்டா, பொறி மொத்தமும் என் பக்கம்தான் வரும். ஒருதரம் புருவம் கருகிப் போச்சு. புருவம் முளைச்சுடுச்சு. கண்ணு போனா முளைக்குமா?"

"நடக்கறப்ப எப்படிப் பிடிப்ப?"

"இடது கக்கத்துல. குதிரை வெளிப்பக்கம் பாத்திருக்கணும். உள்பக்கம் இருந்தா சட்டையில மாட்டும், பைக்கயித்துல மாட்டும். அதனால பையை வலப்பக்கம் போட்டுக்குவேன். நடக்கறதுக்கு முன்னாடி கேப்பைக் கழட்டி, குதிரைக்கு ஒரு தோலு உறையை மாட்டிடுவேன். என் கையைப் பாத்துக் காறித் துப்பற ஊரு மேடம் இது. எங்க எது நடந்தாலும் முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்கன்னு தெரியும். அதனால மத்தவனைவிட ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருப்பேன்."

"பலன் கண்கூடாத் தெரியுது," என்றான் தவியா, கம்பியைத் தட்டி.

ஜாபா சிரிக்கவில்லை. "அடிச்சுத் திருத்தப் பாத்தாங்க. நான் திருந்தலை. அது ஒண்ணுதான் நான் செஞ்ச குத்தம்."

*

ஊர் மருத்துவமனையில் தானோ குப்புறப் படுத்திருந்தான். மூன்று நாளாகத் தரையைத் தவிர வேறு எதையும் பார்க்காததால், யாரோடு பேசினாலும் தரையோடு பேசுவது போலவே பேசினான்.

"பின்னாடி யார் வந்தாங்கன்னு நான் பாக்கலை மேடம். வேட்டையில முன்னால பாக்கறதுதான் என் வேலை. பின்பக்கத்துக்கும் காவல் வேணும்னு இப்பத்தான் தெரியுது."

"விழுந்ததும் முதல்ல எதைப் பாத்த?"

"சொன்னா சிரிப்பீங்க. கோலாக் கொட்டை."

தவியா சிரித்தான்.

"பாத்தீங்களா! நாலஞ்சு கொட்டை, சரிவுல உருண்டு என் மூக்கைத் தாண்டிப் போச்சு. சரி, நான் செத்துட்டேன், முன்னோர்கள் கோலா குடுத்து வரவேற்கறாங்கன்னு நெனச்சேன். கார்ப்பரல்கிட்ட சொன்னேன். பயத்துல உளர்றேன்னு எழுதிக்கிட்டாரு."

"ஜாபா கோலா மெல்லுவானா?"

"அவனா? அவன் பல்லுக்கு வேகவெச்ச கிழங்கே கஷ்டம். கோலாவை நம்ம பெரியவரு, ஒபான்யின் ஓபெங்தான் பை நிறைய வெச்சிருப்பாரு. பெரிய மனுஷங்களைப் பாத்தா எடுத்து நீட்டணுமில்ல?"

வெளியே வந்ததும் தவியா புட்டிகளைக் கை மாற்றிக்கொண்டான். "மேடம், கோலா ஓபெங்கோடதுன்னே வெச்சுக்குவோம். ஆனா அந்தாளு திங்கறது வலது கை, கை குலுக்கறது வலது கை, முன்னோருக்கு ஊத்தறது வலது கை. ஊரே சாட்சி சொல்லும். வலது கைக்காரன் துப்பாக்கி இடது கக்கத்துக்கு எப்படிப் போகும்? நீந்தியா?"

"மணி என்ன?"

"ஒண்ணே முக்கால். லாரிக்கு இன்னும் ஒண்ணே கால் மணி நேரம் இருக்கு."

"அப்ப வேகமா நட. நல்லதொரு கண்ணைப் பாக்கணும்."

*

தலைவர் வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே நனா உட்கார்ந்திருந்தார். எந்தத் தலைவரையும் நனா என்றுதான் கூப்பிட வேண்டும். இந்த நனா எடை குறைவு, பேச்சும் குறைவு. இரு பக்கமுமாகச் சேர்ந்து ஏழு பெரியவர்கள். நனா முன்னால் மரியாதைக்காகத் துணியை இடது தோளில் போட்டு, வலது தோளையும் கையையும் திறந்து வைத்திருந்தார்கள். எட்டாவது ஆள் மட்டும் அந்த உச்சி வெயிலில் மணிக்கட்டு வரை கை வைத்த முரட்டு வேட்டை அங்கி போட்டிருந்தார். இடது பக்கம் தோல்பை தொங்கியது. தலைமை வேட்டைக்காரர் ஓபெங், வயது ஐம்பத்தைந்து. கழுத்து வரை கம்பீரம், அதற்கு மேல் வாய்.

"ஒரு கெட்ட கை ஊருக்கு ஆகாது நனா," என்று அவர் பேசிக்கொண்டிருந்தார். "அந்தத் துப்பாக்கியைக் கொல்லன் பட்டறையில உடைச்சுப் போடணும். சின்ன வயசுலயே அவனை அடிச்சுத் திருத்தியிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?"

பெரியவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களுக்கு நல்ல அனுபவம் இருந்தது.

தச்சிவா செருப்பைக் கழற்றிவிட்டு வணங்கினார். தவியா இந்த முறை இரண்டு கையாலும் புட்டிகளைக் கொடுத்தான். ஆட்டுக்கு அவனிடம் வழியில்லை. முதல் புட்டியை, தலைவர் சார்பில் பேசும் பேச்சாளர் முன்னோர் பெயர்களைச் சொல்லிச் சொல்லித் தரையில் ஊற்றினார். இரண்டாவது புட்டி உயிரோடு இருப்பவர்களுக்கு. ஒரே கண்ணாடித் தம்ளர் எட்டுப் பேரையும் சுற்றி வந்தது. முன்னோர்களைவிட இவர்கள் வேகமாகக் குடித்தார்கள்.

கடைசி மடக்கு இறங்கியதும் தச்சிவா மெதுவாகச் சொன்னார். "நனா, கோவிச்சுக்கக் கூடாது. இந்தப் புட்டிக்குள்ள ஏதோ பூச்சி மாதிரி தெரிஞ்சுது."

ஒரு பெரியவர் தொண்டையைத் தடவினார்.

"என்ன பூச்சி?" என்றார் அவர்.

"தெரியலையே. கால் நிறைய இருந்துச்சு. எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பச்சைப் புட்டி கை மாறியது. முதல் பெரியவர் புட்டியின் வாயில் ஒரு கண்ணை வைத்து, மறு கண்ணை மூடி, வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். அடுத்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரும் பார்த்தார். வயிற்றுக்குள் போன விஷயமாயிற்றே, ஏழு பேரும் பார்த்தார்கள். தவியா அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஏழு பேரும் புட்டியில் வைத்தது வலது கண்.

ஓபெங் புட்டியை வலது கையால் வாங்கினார். வலது கையால் தூக்கினார். வலது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இடது கண்ணை வைத்துப் பார்த்தார்.

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார். "பொம்பளைங்க கண்ணு!"

"இல்லாட்டி பரவால்ல," என்றார் தச்சிவா. "நான் தேடின பூச்சி கிடைச்சுடுச்சு. நனா, உங்க ஊர்ல இடது கைக்காரங்க எத்தனை பேரு?"

"ஒருத்தன்," என்றார் பேச்சாளர்.

"ரெண்டு பேரு."

பந்தலுக்குக் கீழே ஒரே சலசலப்பு. பேச்சாளர் தன் கோலால் தரையைத் தட்டினார். தச்சிவா ஓபெங்கைப் பார்த்தார்.

"கையை அடிச்சுத் திருத்திடலாம் ஒபான்யின். இந்த ஊர்ல எல்லா அம்மாவும் அதைத்தான் செய்யறாங்க. ஆனா கண்ணை யாரு அடிச்சாங்க? இடது கண்ணால குறி பாக்கறவரு துப்பாக்கியை இடது தோள்லதான் வெச்சாகணும்."

ஓபெங் பெரிதாகச் சிரித்தார். "வயசாச்சும்மா! வலது கண்ணுல புரை. அதுக்காக நான் இடது கைக்காரனா? அடுத்து என்ன, கால் நொண்டினா திருடனா?"

பெரியவர்களும் சிரித்தார்கள். தூரத்தில், சாவடிப் பக்கம், லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அது இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. அரசாங்க லாரி சீக்கிரம் வந்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சரி, புரைன்னே வெச்சுக்குவோம்," என்றார் தச்சிவா. "நனா முன்னாடி எல்லாரும் வலது கையைத் திறந்து உக்காந்திருக்காங்க. நீங்க மட்டும் ஏன் இந்த வெயில்ல மூடி வெச்சிருக்கீங்க?"

"இது வேட்டைக்காரன் அங்கி. என் பதவிக்கு உள்ளது."

நனா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "சுருட்டு."

ஓபெங் அசையவில்லை.

"ஓபெங். கையைச் சுருட்டு."

அங்கியின் வலது கை முழங்கை வரை ஏறியது. உள்பக்கம், மணிக்கட்டிலிருந்து மேலே, கறுப்புப் புள்ளிகள். பழையவை தோலோடு தோலாகியிருந்தன. இரண்டு புதியவை இன்னும் ஆறவில்லை.

"வலது கைக்காரர் சுடறப்ப வலது கை பின்னால விசையில இருக்கும். பொறி காத்துல போயிடும்," என்றார் தச்சிவா. "இடது கைக்காரர் இதே துப்பாக்கியைச் சுட்டா வலது கை முன்னால நீண்டு குழலைத் தாங்கும். பொறி முழுக்க அதுமேலதான் விழும். அதுக்குப் பயந்துதான் ஜாபா குதிரையை இடப்பக்கம் மாத்தி வெச்சான். நீங்க மாத்த முடியாது. மாத்தினா கொல்லருக்குத் தெரியும், கொல்லர் பொண்டாட்டிக்குத் தெரியும், அப்புறம் ஊருக்கே தெரியும்."

"இது... இது அடுப்புல பட்டது."

"உங்க பையை எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க? இடப்பக்கம். வலது கைக்காரங்க போடற மாதிரி. ஊருக்குக் காட்டறதுக்கு. காட்டுக்குள்ள நுழைஞ்சதும் துப்பாக்கி இடது கக்கத்துக்கு வந்துடுது. பை அங்கயே இருக்கு. குதிரை உள்பக்கம், கேப்பும் போட்டபடி, பைக்கயிறு அது மேல. நடக்க நடக்கக் கயிறு குதிரையை மாட்டிப் பின்னால இழுத்துது. கயிறு அறுந்துது. குதிரை விழுந்துது. கோலாக் கொட்டை உருண்டு தானோ மூக்கைத் தாண்டிப் போச்சு. நனா, எண்ணெயும் அழுக்கும் ஏறின அந்தப் பையில கயிறு மட்டும் புத்தம் புதுசா இருக்கு, பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். கயிறு வெள்ளை வெளேர் என்று இருந்தது.

ஓபெங்கின் கம்பீரம் கழுத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"வேணும்னு சுடலை நனா," என்றார். "எங்கம்மா இந்த இடது கையில மிளகாய் அரைச்சுப் பூசிக் கட்டிவிடுவா. எனக்கு அப்ப ஆறு வயசு. ராத்திரி பூரா எரியும். திருந்திட்டேன்னு சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க. காட்டுக்குள்ள ஆளில்லாத எடத்துலதான் என் கை என் கையா இருந்துச்சு. வரிசையில கடைசியாத்தான் எப்பவும் நடப்பேன். அன்னிக்கு ஜாபா முள்ளு எடுக்க நின்னான், நான் முன்னால போயிட்டேன். அவன் எட்டிப் பிடிக்கறதுக்குள்ள வெடிச்சுடுச்சு. விபத்துன்னு சொல்லியிருந்தா எந்தக் கக்கம்னு கேப்பாங்க. இடது கைக்காரன் தலைமை வேட்டைக்காரனா இருக்க முடியுமா? காட்டு எல்லையில முன்னோருக்கு ஊத்த முடியுமா?"

"அதுக்காக ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்பத் துணிஞ்சீங்களே!" தவியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அதுவும் உங்க கை மாதிரியே கை உள்ள ஒரே ஒருத்தனை!"



*

நனாவின் பேச்சாளரே ஓடிப்போய் லாரியை நிறுத்தினார். ஒரு காலை லாரியில் வைத்துவிட்ட ஜாபாவைக் கார்ப்பரல் அமிடு விலங்கைக் கழற்றி முற்றத்துக்குக் கூட்டி வந்தார். வரும் வழியிலேயே யாரோ அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். செர்வா பின்னால் அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

ஜாபா நனாவை வணங்கினான். பிறகு நேராக ஓபெங்கிடம் போனான். ஓபெங் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார் போலிருக்கிறது.

பளார் என்று விழுந்தது அறை.

செர்வா வாயைப் பொத்திக்கொண்டாள். அறைந்தது எந்தக் கை என்று ஜாபாவுக்கே அப்புறம்தான் உறைத்தது. தன் இடது கையைத் தானே பார்த்து விழித்தான். மூன்று நாளாக வேட்டையும் இல்லை, வருமானமும் இல்லை. இதில் தண்டம் கட்ட ஒரு ஆட்டுக்கு எங்கே போவான்?

பேச்சாளர் நனாவைப் பார்த்தார். வழக்கம் என்றால் வழக்கம். கேட்டே ஆக வேண்டும்.

"ஓபெங். எந்தக் கையால அடிச்சான்?"

ஓபெங்கின் வலது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து சிவந்திருந்தன. எதிரே நின்று வலது கையால் அறைந்தால் வலது கன்னத்தில் விழாது என்பது முற்றத்தில் இருந்த சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஓபெங் அந்தக் கன்னத்தைத் தடவினார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு, ஊர் பார்க்க, இடது கையால் தடவினார்.

"வலது கை நனா," என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அடி வாங்கினவன் நான். எனக்குத் தெரியாதா? வலது கைதான்."

நனா ஓபெங்கின் கன்னத்தையே பார்த்தார். ஏழு பெரியவர்களும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். தவியாவும் சேர்ந்து தலையாட்டினான். தச்சிவா காலிப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடப் போனார்.

கார்ப்பரல் அமிடு கடமை தவறாமல் குறிப்பேட்டைத் திறந்து, 'வலது கை' என்று எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் அவர் அதுவரை எழுதிய பொய்களிலேயே உருப்படியான பொய் அது ஒன்றுதான்.